நான் போட்ட சரக்கு

நான் குடிக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்தக் கல்யாண மண்டபத்தின் பின்கொட்டகையில், ஐம்பது பேர் சூழ்ந்து நிற்க, இதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நாக்கு புரளவில்லை, குழறியது. குழறியதையே அத்தாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

“மாஸ்டர் சரக்குப் போட்டிருக்காருடா!”

ஆமாம் ஐயா, போட்டேன். 34 வருஷமாகச் சரக்குதான் போடுகிறேன். லட்டு, ஜாங்கிரி, பாதுஷா, மைசூர்பாகு, மிக்சர், முறுக்கு எல்லாவற்றுக்கும் எங்கள் தொழிலில் சரக்கு என்றுதான் பெயர். நான் சரக்கு மாஸ்டர். அந்தக் கல்யாணத்துக்கு முதல் நாள் ராத்திரி மட்டும் 800 ஜாங்கிரி பிழிந்தேன். இலைக்கு இலை வைத்தது நான் போட்ட சரக்கு. அதைத் தின்று கைகழுவி வந்த வாய்தான் என்னைப் பார்த்து “ஊதுடா” என்றது. எனக்கு வயது 58. ஊதச் சொன்ன பிள்ளைக்கு 25 இருக்கும்.

ஊதத் தெம்பில்லை. தலை தொங்கிவிட்டது. “பாரு, ஊத மாட்டேங்கிறான்” என்றான். நின்றவர்களில் ஒருவராவது குனிந்து என் வாயை மோந்து பார்த்திருக்கலாம். உளுந்து மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் தவிர வேறு வாசனை வந்திருக்காது. யாரும் குனியவில்லை. சமையல்காரன் தள்ளாடினால் அது குடிதான் என்று ஊர் எப்போதோ தீர்ப்பு எழுதி வைத்துவிட்டது. அன்றைக்கு என் பெயரை அதில் நிரப்பினார்கள், அவ்வளவுதான்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

எனக்குச் சுகர் வந்து ஏழு வருஷம் ஆகிறது. மெட்ஃபார்மின் 500, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. அதைச் சாப்பிட்டுவிட்டும் போட்டிருக்கிறேன், சாப்பிடாமலும் போட்டிருக்கிறேன். வெறும் வயிற்றில் போட்டால் வயிறு பிரட்டும், சில நாள் வெளிக்குப் போகும். அதற்கு மேல் ஒன்றும் செய்யாது. முகூர்த்த நாட்களில் விடியற்காலை மாத்திரையை முழுங்கிவிட்டு, கடைசிப் பந்தி எழுந்த பிறகு மூன்று மணிக்கு முதல் கவளம் எடுத்த நாட்கள் எத்தனையோ. அந்த மாத்திரை பொறுத்துக்கொண்டது.

ஆடி மாசம் ரத்தம் பார்த்தபோது வெறும் வயிற்றில் 210, சாப்பிட்ட பின் 320 என்று வந்தது. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. வெளியே 40 பேர் டோக்கனோடு உட்கார்ந்திருந்தார்கள். “கன்ட்ரோல் இல்ல, மாத்திரையை மாத்துறேன்” என்றார். கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை. சீட்டில் 1-0-1 என்று போட்டு ஓரத்தில் ஆங்கிலத்தில் இரண்டெழுத்துக் கிறுக்கல். மெடிக்கல் கடைப் பையன் அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கவரில் போட்டு, கவரின் மேல் பேனாவால் எழுதிக் கொடுத்தான்: காலை 1, இரவு 1, சா.மு.

சா.மு. சாப்பாட்டுக்கு முன்.

எவ்வளவு முன் ஐயா? ஐந்து நிமிஷமா, ஐந்து மணி நேரமா? தீபாவளிக்கு முன் என்றால் ஆவணியும் முன்தான், புரட்டாசியும் முன்தான். பழைய மாத்திரைக்கும் புது மாத்திரைக்கும் குணம் வேறு என்று யாராவது ஒரு வார்த்தை சொன்னார்களா? நிறம் மாறியது தெரிந்தது, விலை ஏறியது தெரிந்தது. குணம் மாறியது எனக்கு எப்படித் தெரியும்?

ஆடியில் கல்யாணம் கிடையாது. வீட்டில் இருந்தேன். எட்டு மணிக்கு மாத்திரை, எட்டே காலுக்கு நாலு இட்லி. புது மாத்திரை சாதுவாக இருந்தது. வீட்டுக்காரிகூட, “இது ஒத்துக்கிச்சு போல, முகம் தெளிஞ்சிருக்கு” என்றாள். ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்துக்குக் கிளம்பினேன். சட்டைப்பையில் அதே கவர், அதே சா.மு.

முதல் நாள் மாலை நாலு மணிக்குக் கொட்டகையில் இறங்கினோம். மாப்பிள்ளை அழைப்புச் சாப்பாடு முடிந்து, கடைசி ஜாங்கிரியைப் பாகிலிருந்து எடுத்துத் தட்டில் அடுக்கியபோது மணி பன்னிரண்டரை. மூன்று மணிக்கு எழுப்பிவிட்டார்கள். குளித்து, திருநீறு பூசி, ஐந்தரைக்கு மாத்திரையைப் போட்டேன். கூடவே பிரஷர் மாத்திரை, அட்டினோலால். ஏழரைக்கு டிபன் பந்தி. முதல் பந்தி எழுந்ததும் ஆளுக்கு இரண்டு இட்லி நின்றபடியே சாப்பிடுவது எங்கள் வழக்கம்.

அதற்கு முன்னால் சாப்பிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். கல்யாண வீட்டுக் கொட்டகையில் நின்றவர்கள் கேட்க மாட்டார்கள். சமைத்தவன் பந்திக்கு முன்னால் வாயில் வைத்தால் அது எச்சில். உப்புக்கூட நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. கொதிக்கிற வாசனையிலேயே உப்பைச் சொல்லத் தெரிந்தவன்தான் மாஸ்டர். சம்பந்தி வீட்டார் இலையில் உட்காராமல் சமையல்காரன் இட்லி தின்றான் என்று பேச்சு வந்தால் அடுத்த முகூர்த்தத்துக்குக் கூப்பிட ஆள் இருக்காது. 34 வருஷம் அந்தக் கட்டுப்பாட்டைப் பெருமையாகக் காப்பாற்றினேன். அந்தப் பெருமைதான் என் கழுத்தில் கயிறாக விழும் என்று யாருக்குத் தெரியும்?

டிபனுக்கு 300 பேர் என்று சொல்லியிருந்தார்கள். 450 பேர் வந்துவிட்டார்கள். எங்களுக்கென்று எடுத்து வைத்த இட்லி பந்திக்குப் போனது. அடுத்த ஈடு வெந்தது. அதுவும் பந்திக்குப் போனது. “மாஸ்டர், முகூர்த்தம் முடிஞ்சதும் சாப்பாட்டுப் பந்தி, வடை தயாரா இருக்கணும்” என்று ஆள் மேல் ஆள். இரண்டு டம்ளர் டீ குடித்தேன். சீனி போடாத டீ.

சீனியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சுகர் வருவதற்கு முன்னால் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டு நாக்கில் விடுவேன். தொழிலில் எங்களுக்கு இருந்த ஒரே சலுகை அதுதான். சுகர் வந்த பின் விட்டுவிட்டேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பாகை இழுத்துக் கம்பி பார்ப்பேன், பார்த்ததும் விரலைத் துண்டில் துடைத்துக்கொள்வேன். பையன்கள் சிரிப்பார்கள். “சீனிக்கு நடுவுல சாமியார் மாதிரி இருக்கீங்களே மாஸ்டர்” என்பார்கள். ஏழு வருஷம் ஒரு ஜாங்கிரியின் ஓரத்தைக்கூடக் கிள்ளியதில்லை. அப்படிப்பட்டவன் சாராயம் குடித்தானாம்.

பத்தே முக்கால் இருக்கும். வடை தட்டிக்கொண்டிருந்தேன். வாழையிலைத் துண்டில் மாவை வைத்து நடுவில் விரலால் துளை போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. விரல் மாவை விட்டு விலகி இலையில் குத்தியது. மறுபடி வைத்தேன், மறுபடி விலகியது. எண்ணெய்ச் சட்டி இரண்டாகத் தெரிந்தது. வியர்வை கொட்டியது. ஆனால் அடுப்பு முன்னால் நிற்கிறவனுக்கு வியர்வை ஒரு அடையாளமா? கொட்டகையில் எல்லாருக்கும்தான் கொட்டுகிறது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன்: அடுப்பு வியர்வை சூடாக வழியும். அன்றைக்கு வழிந்தது பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்றிருந்தது.

அப்போதுதான் பெண்ணின் மாமா வந்து, “என்னய்யா, வடை வருமா வராதா?” என்றாராம். நான் திருப்பி ஏதோ சொன்னேனாம். கெட்ட வார்த்தை. என் வாழ்நாளில் கூலி கொடுக்கிறவரை ஒருமையில் பேசியதில்லை. என்ன சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு நினைவில்லை. அந்த ஐந்து நிமிஷத்தை யாரோ என் தலையிலிருந்து கத்தரித்து எடுத்தது போல் இருக்கிறது. ஜல்லிக்கரண்டி கையிலிருந்து நழுவி எண்ணெயில் விழுந்து தெறித்தது. இடது முழங்கையில் இன்னும் தழும்பு இருக்கிறது. கால் மடங்கியது. விழுந்தேன்.

மேலே தண்ணீர் ஊற்றினார்கள். “போதை தெளிய மோர் குடுங்க, நல்லா உப்புப் போட்டு” என்று ஒரு பெரியவர் யோசனை சொன்னார். அண்ணாந்து பிடித்து வாயில் மோர் ஊற்றினார்கள், புரையேறியது. கவனியுங்கள் ஐயா. இடது பக்கம் ஓர் அண்டா நிறையப் பால் பாயசம். வலது பக்கம் ஜாங்கிரி ஊறி மிச்சமான பாகு அரைத் தவலை. நடுவில் ரத்தத்தில் சர்க்கரை இல்லாமல் நான் கிடக்கிறேன். எனக்கு உப்பு மோர் ஊற்றுகிறார்கள்.

பிறகு ஆளுக்கொரு பக்கம் தூக்கிக் காய்கறி அறையில் போட்டார்கள். “போட்டோ எடுக்கிறவங்க வர்ற வழி, இங்க கிடந்தா அசிங்கம்.”

என்னைக் காப்பாற்றியது வெங்காயம் உரிக்க வந்த ஒரு பெண். மூட்டை எடுக்க அந்த அறைக்குள் வந்தவர் என் கழுத்தில் கைவைத்துப் பார்த்தார். அவர் வீட்டுக்காரர் இன்சுலின் போடுகிறவராம். கன்னத்தைத் தட்டி, “அண்ணே, சாப்டீங்களா?” என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேனாம். “சுகர் இருக்கா?” என்றார். ஆமாம் என்று ஆட்டினேனாம். ஓடிப்போய் மிச்சப் பாகை ஒரு டம்ளரில் மொண்டு தண்ணீர் விட்டுக் கலக்கிக்கொண்டு வந்தார். என்னை உட்காரவைத்து, முழுங்குகிறேனா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்து வாய் வாயாகக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் எனக்கு உலகம் திரும்பி வந்தது. முதலில் தெரிந்தது அவர் விரலில் இருந்த வெங்காயத் தோல். அடுத்ததாகக் கேட்டது வெளியே கெட்டிமேளம்.

அவர்தான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவ்வளவு பாகு குடித்த பிறகும் அங்கே பார்த்தபோது 52. டிரிப் ஏற்றினார்கள். சாயங்காலம் 140க்கு வந்ததும் வீட்டுக்குப் போகிறேன் என்றேன். டியூட்டியில் இருந்த டாக்டரம்மா விடவில்லை. “நீங்க போட்டிருக்கிற மாத்திரை இன்னும் உள்ளே வேலை செஞ்சுக்கிட்டிருக்கு. மறுபடியும் இறங்கும்” என்றார். ராத்திரி இரண்டு மணிக்கு விரலைக் குத்தினார்கள். 61. அவர் சொன்னபடியே இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போயிருந்தால் தூக்கத்திலேயே போயிருப்பேன். காலையில் ஊர், “குடிச்சே செத்தான்” என்று முடித்திருக்கும்.

அந்த டாக்டரம்மா விடியற்காலையில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார். மொத்தம் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். ஆடியிலேயே அந்தப் பத்து நிமிஷத்தை எனக்கு யாராவது கொடுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

மெட்ஃபார்மின் ஈரலில் சர்க்கரை ஊறுவதைக் குறைக்கிறது. தனியாகப் போட்டால் சர்க்கரையைப் பாதாளத்துக்குத் தள்ளுவது அபூர்வம். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு என்று ‘கிளி’யில் தொடங்குகிறவை வேறு ஜாதி. அவை கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே கொண்டுவருகின்றன. நீ சாப்பிட்டாயா இல்லையா என்று அந்த மாத்திரை பார்ப்பதில்லை. இலை போட்டிருந்தாலும் பிழியும், போடாவிட்டாலும் பிழியும். அதனால் கிளிமிபிரைடைக் காலைச் சாப்பாட்டோடு, அல்லது அதற்குச் சற்று முன்னால், தட்டு கண்ணுக்கு முன் வந்த பிறகு போட வேண்டும். கிளிபிசைடு சாதாரண மாத்திரை என்றால் அரை மணி நேரம் முன்பு. மெட்ஃபார்மின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டவுடன். வோக்ளிபோஸ் முதல் கவளத்தோடு. “சாப்பாடு எப்போ வரும்னு தெரியலைன்னா, கிளி மாத்திரையைப் போட்டுட்டுக் காத்திருக்கக் கூடாது. சாப்பாடு வரட்டும், அப்புறம் மாத்திரை. ஒரு வேளைச் சாப்பாடே இல்லைன்னா என்ன செய்யறதுன்னு உங்க டாக்டர்கிட்ட முன்னாடியே கேட்டு எழுதி வாங்கி வச்சுக்குங்க” என்றார்.

பிரஷர் மாத்திரையைப் பற்றியும் சொன்னார். சர்க்கரை இறங்கும்போது உடம்பு மணி அடிக்கும்: கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அட்டினோலால் மாதிரி மாத்திரைகள் அந்த மணியின் நாக்கைக் கட்டிவிடும். வியர்வையைக் கட்டாது. “உங்களுக்கு மிச்சமிருந்த ஒரே அடையாளம் வியர்வை. அடுப்படியில அது தெரிஞ்சிருக்காது” என்றார். எனக்கு நெஞ்சு அடைத்தது. நடுக்கத்தை ஒரு மாத்திரை மறைத்தது, வியர்வையை என் தொழில் மறைத்தது. இரண்டு மாத்திரையையும் ஒரே சீட்டில்தான் எழுதியிருந்தார்கள். என் தொழில் என்னவென்று அந்தச் சீட்டில் எங்கும் இல்லை.

70க்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே மூளைக்குத் தீனி இல்லை. பேச்சு குழறும், கோபம் வரும், கால் தள்ளாடும். பார்க்கிறவனுக்குக் குடித்தவன் மாதிரியே இருக்கும். மருத்துவப் புத்தகத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். அப்போது 15 கிராம் குளுக்கோஸ், இல்லாவிட்டால் மூன்று டீஸ்பூன் சீனி தண்ணீரில் கலந்து. 15 நிமிஷம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறவில்லையென்றால் மறுபடி கொடுக்க வேண்டும். ஏறியதும் ஏதாவது சாப்பிட வேண்டும். ஜாங்கிரி வேண்டாம், நெய்யும் எண்ணெயும் சர்க்கரையைத் தாமதப்படுத்தும். பாகுதான் சரி. வோக்ளிபோஸ் போடுகிறவர்களுக்குச் சீனி சீக்கிரம் கேட்காது, குளுக்கோஸ் பவுடர்தான் கேட்கும். நினைவில்லாமல் கிடப்பவன் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108ஐக் கூப்பிட வேண்டும். உப்பு மோர் ஊற்றிய பெரியவருக்கு இது போய்ச் சேரட்டும்.

என் மகள் நர்சிங் படித்தவள். அவள் தேடிப் படித்து ஒன்று சொன்னாள், அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. 1942இல் பிரான்சில் மோன்பெலியே என்ற ஊரில், மார்செல் ஜான்போன் என்ற டாக்டர் டைஃபாய்டு நோயாளிகளுக்கு ஒரு சல்பா மருந்தைக் கொடுத்துப் பார்த்தாராம். காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்து, ஆனால் நோயாளிகள் சர்க்கரை இறங்கி மயங்கினார்கள். ஏன் என்று லூபாத்தியே என்ற இன்னொருவர் ஆராய்ந்து, இந்த மருந்து கணையத்தைத் தூண்டுகிறது என்று கண்டுபிடித்தார். அந்த வழியில் வந்தவைதான் இந்தக் கிளி மாத்திரைகள் எல்லாம். ஆக, இந்த மாத்திரைக்குச் சர்க்கரை நோய்க்கான மருந்து என்று பெயர் வருவதற்கு முன்னாலேயே, இது ஆளைச் சாய்க்கும் என்று தெரியும். அந்தக் கிளி வம்சத்துப் பழைய மாத்திரையான கிளிபென்கிளமைடு 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஏற்றதல்ல என்று உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே குறிப்பு இருக்கிறதாம். எல்லாம் எழுதி வைத்திருக்கிறார்கள். 80 வருஷத்துக்கு முன் பிரான்சில் தெரிந்தது என் கவருக்கு வந்து சேரும்போது இரண்டே எழுத்தாகத் தேய்ந்துவிட்டது: சா.மு.

ஆஸ்பத்திரியிலிருந்து கொடுத்த சீட்டில் காரணம் என்று ஒரு வரி இருந்தது. மகள் தமிழில் படித்துக் காட்டினாள்: “நோயாளி உணவு உண்ணவில்லை.” நான் சாப்பிடவில்லையாம்! அந்த வினையைப் பாருங்கள். ஏதோ எனக்கு முன்னால் இலை போட்டு வைத்து, நான் கோபித்துக்கொண்டு எழுந்துபோனது போல. சாப்பிடவில்லை என்பதற்கும் சாப்பிட விடவில்லை என்பதற்கும் நடுவில் ஒரு சின்னச் சொல்தான் வித்தியாசம். அந்தச் சின்னச் சொல்லை எழுதுவதற்கு எந்தச் சீட்டிலும் இடம் இருப்பதில்லை.

மாத்திரை எழுதியவருக்கு என் பந்தியைத் தெரியாது. பந்தி நடத்தியவருக்கு என் மாத்திரையைத் தெரியாது. நான் மட்டும் இரண்டையும் சுமந்தேன். விழுந்தபோது இரண்டு பேரும் என்னைத்தான் கைநீட்டினார்கள்.

பேசின கூலி 5,000. தரவில்லை. “நீ செஞ்ச அசிங்கத்துக்குக் கூலி வேறயா?” ஆவணியில் இன்னும் மூன்று முகூர்த்தம் கையில் இருந்தது, மூன்றும் போயிற்று. கான்ட்ராக்டர் போனில் சொன்னார்: “மாஸ்டர், உங்க கை எனக்குத் தெரியும். ஆனா பேரு கெட்டுப்போச்சே, நான் என்ன பண்ணட்டும்?” ஆவணி போனால் புரட்டாசியில் கல்யாணம் இல்லை; ஐப்பசி வரைக்கும் வீட்டில் உலை வைப்பது எப்படி என்று அவர் யோசிக்கவில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்ததற்காக நான் விரட்டிய பையன் ஒருவன் உண்டு. டீக்கடையில் என்னைப் பார்த்து, “என்ன மாஸ்டர், நமக்கு மட்டும்தான் சட்டமா?” என்று கேட்டான். கேட்கட்டும். அவன் கேட்டதைவிட என் மனசே கேட்கிற ஒன்று இருக்கிறது.

எனக்குப் பாகுப் பதம் சொல்லிக்கொடுத்த பெரிய மாஸ்டர் ஒருவர் இருந்தார். கடைசி இரண்டு வருஷம் சில நாட்களில் மதியம் நெருங்கினால் தள்ளாடுவார், கரண்டியை விட்டெறிவார், வாய்க்கு வந்தபடி பேசுவார். பெரியவர் தண்ணி போட ஆரம்பித்துவிட்டார் என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம். நானும்தான். அவருக்குச் சுகர் உண்டு என்று எங்களுக்குத் தெரியும். மடியில் மாத்திரை டப்பா வைத்திருப்பார். ஒரு முகூர்த்தத்துக்கு அவரைக் கூப்பிடாமல் என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். நான் மாஸ்டர் ஆனது அப்படித்தான். ஒரு நாளாவது அவர் வாயை நான் மோந்து பார்த்தேனா? இல்லை. அவர் போய்ச் சேர்ந்து பதினைந்து வருஷம் ஆகிறது. எந்த முகத்தோடு போய் யாரிடம் கேட்பேன்? என் குமுறலில் பாதி அவருடையது. அவர் சார்பிலும் சேர்த்துத்தான் கத்துகிறேன்.

எங்கள் இரண்டு பேருடைய கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். இந்த நாட்டில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய் என்று 2023இல் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆய்வு சொன்னது. அந்த 10 கோடிப் பேரும் எட்டு மணிக்கு மேஜையில் உட்கார்ந்து டிபன் சாப்பிடுகிறவர்களா? விடிகிற வரைக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற வாட்ச்மேன் எதைக் காலைச் சாப்பாடு என்பார்? பஸ்ஸைக் கொண்டுபோய் டிப்போவில் விட்ட பிறகுதான் டிரைவருக்கு டிபன். நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மா வருகைப் பதிவுக்கு ஓடுகிற அவசரத்தில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு தூக்குச்சட்டியோடு கிளம்புகிறார். வெள்ளிக்கிழமை விரதம், சஷ்டி விரதம், ரம்ஜான் நோன்பு இருக்கிறவர்கள் எத்தனை பேர்! விரதம் சாப்பாட்டுக்குத்தான், மாத்திரைக்கு இல்லை என்று நினைத்து வெறும் வயிற்றில் கிளி மாத்திரையை முழுங்குகிறார்கள். இதெல்லாம் வேண்டாம், நம் வீட்டுக்கே வாருங்கள். எல்லாருக்கும் தோசை ஊற்றிப் போட்டு, டப்பா கட்டி அனுப்பிவிட்டு, பதினொரு மணிக்கு ஆறிப்போன கடைசி தோசையைத் தின்கிற நம் அம்மாவும் மனைவியும் மாத்திரை போட்டது ஏழு மணிக்கு. பத்து மணிக்கு அவர்கள் எரிந்து விழுந்தால், “இவளுக்கு வயசாக ஆகக் கோபம் ஜாஸ்தியாயிடுச்சு” என்கிறோம். அந்தக் கோபத்தை ஒரு நாள் விரலைக் குத்திப் பார்த்தோமா?

டாக்டர் ஐயாக்களே, ‘கிளி’ எழுதுகிற கை ஒரு நொடி நிற்கட்டும். “என்ன வேலை செய்யறீங்க? முதல் வாய் எத்தனை மணிக்கு?” இரண்டு கேள்விதான். பதில் பதினொன்றரை என்று வந்தால் வேறு மாத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நேரத்தை மாற்றிக் கொடுங்கள். மெடிக்கல் கடைத் தம்பி, சா.மு. என்று எழுதாதே, ‘தட்டு வந்த பிறகு’ என்று எழுது. அட்டையைப் பெயர் தெரியும்படி வெட்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரிப் பக்கம் சாமனப்பள்ளியில் தொடங்கி, மக்களைத் தேடி மருத்துவம் என்று வீடுவீடாக மாத்திரை கொண்டுவந்து தருகிற தாய்மார்களே, கையெடுத்துக் கேட்கிறேன்: மாத்திரையை எண்ணிக் கொடுக்கும்போது சாப்பாட்டு நேரத்தையும் ஒரு வார்த்தை கேளுங்கள். கான்ட்ராக்டர் அண்ணாச்சி, அடுப்பு பற்றவைக்கிறவனுக்கு முதல் இலை போடுங்கள். எச்சில் பட்டால் பந்தி கெட்டுப்போகுமா? அன்றைக்கு நான் எண்ணெய்ச் சட்டியில் தலைகுப்புற விழுந்திருந்தால் மட்டும் பந்தி நன்றாக நடந்திருக்குமா?

ஐப்பசி பிறக்கும் முன், ஆஸ்பத்திரிச் சீட்டை எடுத்துக்கொண்டு அந்தக் கல்யாணப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். கூலிக்காக இல்லை. படித்துப் பார்க்கட்டும் என்று. மாமா திண்ணையில் இருந்தார். சீட்டை வாங்கினார், மேலும் கீழும் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். “அதெல்லாம் இருக்கட்டும். அன்னிக்கு நீ பேசின பேச்சு பேச்சா?” என்றார்.

அதற்கு என்ன பதில் சொல்வது? சீட்டை மடித்துச் சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன். படி இறங்கினேன். அப்போது உள்ளேயிருந்து அவர் வீட்டம்மா நிலைப்படிக்கு வந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று அவருக்குத் தெரிந்திருக்காது. வாசலுக்கு வந்துவிட்டுப் போகிற எவரையும் கேட்கிற மாதிரி கேட்டார்:

“வெயில்ல வந்திருக்கீங்க. சாப்டீங்களா?”

தலையைக்கூட ஆட்ட முடியவில்லை என்னால். அந்தக் கேள்விக்குத்தான் அன்றைக்குக் காலை எட்டு மணியிலிருந்து அடுப்பங்கரையில் காத்து நின்றேன்.